மெஷின் மலிவு, கேஸில்தான் கணக்கு

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை பிரதான வீதியோரத்தில் வெல்டிங் கடைகளுக்குப் பஞ்சமில்லை. பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்கிற கரை இது. வீடு எழும்பினால் கேட், கிறில், படிக்கட்டுக் கைபிடி எல்லாம் கூடவே எழும்ப வேண்டும். அந்த வேலை பெரும்பாலும் ஹோல்டரில் ரொட் செருகி ஒட்டுவதுதான். மிக் மெஷினைப் பார்க்க வேண்டுமானால் வாகனக் கராஜுக்குள் போக வேண்டும்.

காரணம் தகட்டின் கனம். வேனின் தளமோ ஆட்டோவின் பக்கத் தகடோ ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. அதில் 12 கேஜ் ரொட்டை வைத்தால் ஒட்டுவதற்கு முன் ஓட்டை விழும். மிக்கில் ரொட் இல்லை. சுருளிலிருந்து மெல்லிய கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும், கம்பியைச் சுற்றி ஒரு கேஸ் பாய்ந்து உருகிய இரும்பைக் காற்றுப் படாமல் காக்கும். 1948இல் அமெரிக்காவின் ஒஹாயோவிலுள்ள பட்டெல் ஆய்வு நிறுவனத்தில் அலுமினியத்துக்காக உருவான முறை இது. அப்போது பயன்பட்ட கேஸ் விலை கூடியது. 1953இல் சோவியத் பொறியியலாளர்கள் காபனீரொட்சைட்டை வைத்து ஒட்டிக் காட்டிய பிறகே சாதாரண இரும்புப் பட்டறைக்கு அது கட்டுப்படியானது.

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் இருந்த வண்டியையே ஒட்டிப் போட்டு ஓட்ட வேண்டியிருந்தது. கடல் காற்றில் தளம் இத்துப்போவதும் நிற்கவில்லை. ஆகவே வீட்டுப் பின்வளவில் சொந்தமாக ஒரு சிறிய மிக் வைத்துக்கொள்ளலாமே என்ற ஆசை வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களுக்கும் கைவேலைப் பிரியர்களுக்கும் வருவது இயல்பு. புதிதின் விலை கேட்டதும் பழையதைத் தேடுகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் பலர் மெஷினின் பெயின்டைப் பார்த்து விலை பேசுகிறார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது பின்பக்கத் தகட்டிலுள்ள எழுத்து. ஜப்பான் ரீகண்டிஷன் சாமான்களோடு வரும் சிறிய மெஷின்கள் 100 வோல்ட்டுக்குச் செய்தவையாக இருக்கலாம். நம் வீட்டு 230 வோல்ட்டில் நேரே செருகினால் அன்றோடு முடிந்தது. பெரியவை மூன்று பேஸ் 200 வோல்ட். இங்கே மூன்று பேஸ் என்றால் 400. இடையில் தகுந்த டிரான்ஸ்போமர் வேண்டும். அதன் விலையையும் சேர்த்துக் கூட்டினால் "மலிவு" எங்கோ போய்விடும்.

அடுத்தது டியூட்டி சைக்கிள். 150 ஆம்பியரில் 30 சதவீதம் என்றிருந்தால், பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம் ஒட்டலாம், ஏழு நிமிடம் ஆறவிட வேண்டும். முறையான கணக்கு 40 பாகை வெப்பத்தில் எடுப்பது. சில மலிவு மெஷின்களில் 20 பாகையில் எடுத்த எண்ணைப் பொறித்திருப்பார்கள். சித்திரை மாத வெயிலில் தகரக் கொட்டிலுக்குள் அந்த எண்ணை நம்ப முடியாது.

பிறகு பக்கக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். என் அபிப்பிராயத்தில் பழைய மிக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கம்பியைத் தள்ளும் சிறு உருளையின் பள்ளம் தேய்ந்து வழவழப்பாகியிருக்கிறதா? 0.8 கம்பிக்கு 0.8 பள்ளமா, அல்லது கையில் அகப்பட்டதைப் போட்டிருக்கிறார்களா? சுருளில் இருக்கும் கம்பியை விரலால் தடவுங்கள். செம்புநிறம் மங்கித் துரு தூளாக ஒட்டினால் அந்தத் துரு குழாய்க்குள்ளும் போயிருக்கும், உள்ளேயுள்ள லைனரை மாற்ற வேண்டும். கம்பி வெளிவரும் துப்பாக்கியின் வயரை நீட்டிப் பிடித்து, எங்காவது மடிந்து முறிந்திருக்கிறதா என்று பாருங்கள். நுனியிலுள்ள செம்பு டிப் போகட்டும், சில்லறைச் செலவு. துப்பாக்கி முழுவதும் போயிருந்தால் பழைய மெஷினின் பாதி விலையை அதுவே தின்றுவிடும். இன்வேட்டர் மெஷினாக இருந்தால் மூடியைக் கழற்றிப் போர்டையும் பார்ப்பது நல்லது. உப்புக் காற்றில் பச்சை பூத்த காலும் பல்லி கருகிய தடமும் பேசாமலே பல கதை சொல்லும். பழைய டிரான்ஸ்போமர் மெஷின் இரண்டு பேர் தூக்கும் பாரமாக இருந்தாலும் கடற்கரைக்கு அதையே நான் விரும்புவேன். கெட்டுப்போக அதற்குள் சாமான் குறைவு.

கடைசியாக, "காக்கா, ஒருக்கா ஒட்டிக் காட்டுங்களேன்" என்று கேளுங்கள். "கரண்ட் இல்ல தம்பி", "கேஸ் முடிஞ்சிட்டு" என்று பதில் வந்தால், கரண்டும் கேஸும் உள்ள நாளில் வருவதாகச் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

மெஷின் வீட்டுக்கு வந்தபின் வயரிங். வீடுகளுக்குப் பொதுவாக உள்ளது 30 ஆம்பியர் ஒற்றை பேஸ் இணைப்பு. 13 ஆம்பியர் பிளக் தாங்குவது சுமார் மூன்று கிலோவாட். 150 ஆம்பியரில் ஒட்டும்போது வில்லில் மட்டுமே மூன்று கிலோவாட்டுக்கு மேல் போகிறது, மெஷின் இழப்பது தனி. மெல்லிய தகடு ஒட்டும்போது பிளக் தாக்குப்பிடிக்கும். கனமான இரும்புக்குப் பிரதான போர்டிலிருந்து தனி வயரும் தனி பிரேக்கரும் இழுத்து, எர்த் சரியா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டியபடியே வைத்து ஓட்டினால் சுருள் சூடேறி உருகும்.

இனித்தான் பெரிய கணக்கு: கேஸ். மெஷினுக்கு விலை பேசுமுன் சிலிண்டர் எங்கே நிரப்புவார்கள், கல்முனையிலேயே முடியுமா, வெளியூருக்கு அனுப்ப வேண்டுமா, போய் வரக் கூலி எவ்வளவு என்று விசாரித்து வையுங்கள். ஆகன் கலந்த கேஸில் தெறிப்பு குறைவு, மெல்லிய தகட்டுக்கு இதம். தனிக் காபனீரொட்சைட்டு மலிவு, கொஞ்சம் தெறிக்கும், வேலை நடக்கும். ஒரு சங்கதி பலருக்குத் தெரிவதில்லை: காபனீரொட்சைட்டு சிலிண்டருக்குள் திரவமாக இருப்பதால், திரவம் தீரும்வரை மீட்டர் முள் கேஸின் அளவைக் காட்டாது, வெப்பத்துக்கேற்பவே ஏறி இறங்கும். எவ்வளவு மிச்சம் என்று அறியத் தராசுதான் வழி. வெறும் சிலிண்டரின் எடை அதன் தோளில் பொறித்திருக்கும். பக்கத்திலேயே சோதனை செய்த ஆண்டும் இருக்கும். அது மிகப் பழையதென்றால் நிரப்ப மறுப்பார்கள்.

நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு லீற்றர் போதும். ஆனால் கடல் காற்று அந்த கேஸை அள்ளிக்கொண்டு போய்விடும். ஒட்டு பஞ்சுபோல ஓட்டை ஓட்டையாக வரும். கேஸைக் கூட்டுவதால் அது தீராது, கதவைச் சாத்தியோ தகரம் மறைத்தோதான் ஒட்ட வேண்டும். வெளியில் நிற்கும் கேட்டுக்கு மிக்கை இழுத்துப்போவதைவிட ரொட்டே மேல். கேஸ் தேவையில்லாத, உள்ளே மருந்து வைத்த கம்பியும் உண்டு. அதைப் போடும்போது மெஷினுக்குள் பிளஸ் மைனஸ் இணைப்பை மாற்ற வேண்டும்: கேஸ் கம்பிக்குத் துப்பாக்கி பிளஸ், மருந்துக் கம்பிக்குப் பெரும்பாலும் மைனஸ். "மெஷின் சரியில்ல, துப்புது" என்று விற்கப்படும் சிலவற்றின் நோய் இவ்வளவுதான்.

ஜிஐ பைப்பில் மட்டும் விளையாட வேண்டாம். நாகப் பூச்சு எரியும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், குளிரும் காய்ச்சலும் உடம்பு வலியும் வரும். பால் குடித்தால் சரியாகும் என்று பட்டறையில் சொல்வார்கள். புகை போவது நுரையீரலுக்கு, பால் போவது வயிற்றுக்கு. ஒட்டும் இடத்திலிருந்து பூச்சை அரைத்து எடுத்துவிட்டு, புகை முகத்துக்கு வராத பக்கம் நின்று ஒட்டுங்கள். பழைய பெற்றோல் டாங்கியைத் தொடவே வேண்டாம், காலியாக இருப்பதுதான் கூட ஆபத்து. முகமூடிக் கண்ணாடி 10 அல்லது 11ஆம் இலக்கம். வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளை முதலில் உள்ளே அனுப்புங்கள்.

பழக ஆரம்பிக்க மூன்று மில்லிமீட்டர்க் கழிவுத் தகடு போதும். துருவையும் பெயின்டையும் பளிச்சென்று அரைத்து, எர்த் கிளாம்பையும் வெறும் இரும்பில் கடித்து, கம்பி டிப்பிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் நீண்டிருக்கப் பிடித்து, தட்டையாக வைத்துக் கோடு இழுங்கள். எண்ணெயில் வடை பொரிவதுபோல ஒரே சீராகச் சத்தம் வந்தால் வோல்டும் கம்பி வேகமும் பொருந்திவிட்டன. கம்பி இடித்துத் துப்பாக்கியைப் பின்னால் தள்ளினால் வேகம் கூட, நுனியிலேயே உருண்டு உருண்டு விழுந்தால் குறைவு.

மிக்கில் ஒரு வஞ்சகம் உண்டு. மேலே அழகாகக் கிடக்கும் ஒட்டு அடியில் பிடிக்காமலே இருக்கலாம், தொடக்கக்காரருக்கு அது தெரியாது. இரண்டு துண்டை ஒட்டி, வைஸில் கடிக்கவைத்துச் சுத்தியலால் மடக்கிப் பாருங்கள். ஒட்டு அப்படியே கழன்று வந்தால் ஆம்பியரைக் கூட்டி மறுபடி ஒட்டுங்கள். மடக்கியும் கழலாத ஒட்டு வழமையாக வரும்வரை பூச்சாடி ஸ்டேண்ட், கோழிக்கூடு, சைக்கிள் ஸ்டேண்ட் என்று இருங்கள். நெல் மூட்டையோடு வீதியில் ஓடும் லேண்ட்மாஸ்டர் பெட்டியின் கொக்கியை யாராவது கொண்டுவந்தால், அதை வெல்டிங் பாஸிடமே அனுப்பிவிடுங்கள்.