மூன்று கண் உயிரி: வீட்டுத் தொட்டியில் ஒரு மழைக்குட்டை

2021 ஜூலை இறுதியில் அமெரிக்காவின் வடக்கு அரிசோனா பாலைநிலத்தில் கனமழை கொட்டியது. அங்குள்ள வுபாட்கி தேசிய நினைவிடத்தில், பூர்வகுடிகள் முன்னொரு காலத்தில் கட்டிய வட்ட வடிவப் பந்தாட்டக் களம் ஒன்று இருக்கிறது. மழைநீர் அதில் தேங்கிக் குட்டையாக நின்றது. சில நாள்களிலேயே அந்தத் தண்ணீரில் தலைப்பிரட்டை போன்ற தோற்றமுள்ள உயிரிகள் நூற்றுக்கணக்கில் நீந்தின. சுற்றுலாப் பயணிகள் சொல்லித்தான் பூங்கா ஊழியர்களுக்கே அது தெரியவந்தது. எடுத்துப் பார்த்தபோது அவை ட்ரையாப்ஸ் என்று உறுதியானது.

அந்தக் குட்டைக்கு ஆறும் இல்லை, வாய்க்காலும் இல்லை. அவை வெளியிலிருந்து வந்து சேரவில்லை. களத்தின் மண்ணிலேயே முட்டைகளாக, அடுத்த நல்ல மழையை எதிர்பார்த்துக் கிடந்தன.

அப்படிப்பட்ட முட்டைகள் அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான் முதலிய நாடுகளில் சிறு பொட்டலங்களாக விற்பனையாகின்றன. சிறுவர்களுக்கான அறிவியல் கிட்களில் அதிகம் இடம்பெறுவது அமெரிக்காவைச் சேர்ந்த ட்ரையாப்ஸ் லாங்கிகாடாட்டஸ் இனமும் ஐரோப்பா, ஆசியாவில் வாழும் ட்ரையாப்ஸ் கான்கிரிஃபார்மிஸ் இனமும். முட்டையைத் தண்ணீரில் போட்டுவிட்டு எதுவும் பொரியவில்லை என்றும், பொரித்தவை நான்கே நாளில் செத்துவிட்டன என்றும் வருந்துகிறவர்கள் பலர். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: கலர்மீனுக்குச் செய்வதையெல்லாம் இதற்கும் செய்துவிடுகிறோம். மழைக்குட்டையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், வளர்ப்பு முறையின் ஒவ்வொரு விதிக்கும் காரணம் விளங்கிவிடும்.

இது என்ன உயிரி?

இறால், நண்டு ஆகியவற்றின் தூரத்து உறவு ட்ரையாப்ஸ். முதுகை மூடிய கேடயம் போன்ற ஓடு, பின்னால் நீளும் இரண்டு மெல்லிய வால் இழைகள், அடிப்பக்கம் வரிசை வரிசையாக இலை போன்ற கால்கள். இரண்டு கூட்டுக்கண்களோடு, அவற்றின் நடுவே ஒளியை உணரும் மூன்றாவது கண்ணும் உண்டு. கால்கள் ஓயாமல் அசைகின்றன. நீந்துவதும் மூச்சுவிடுவதும் உணவை வாய்க்குத் தள்ளுவதும் அந்தக் கால்களால்தான்.

இருபது கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய பாறைகளில் கிடைத்த புதைபடிவங்கள் இன்றைய ட்ரையாப்ஸைப் போலவே இருப்பதால், 'வாழும் புதைபடிவம்' என்ற பட்டம் இதற்குக் கிடைத்தது. பாட நூல்களும் கிட் பெட்டிகளும் அதையே சொல்கின்றன. ஆனால் 2013இல் 'பியர்ஜே' ஆய்விதழில் வெளியான டி.என்.ஏ. ஆய்வு இதைத் திருத்தியது. உடல் வடிவம் பழையதாக இருந்தாலும், இன்று வாழும் இனங்கள் அவ்வளவு பழையவை அல்ல. கான்கிரிஃபார்மிஸ் இனம் தோன்றி அதிகம் போனால் இரண்டரைக் கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. வெளித்தோற்றம் அதிகம் மாறாமலேயே புதுப்புது இனங்கள் கிளைத்துக்கொண்டே வந்திருக்கின்றன.

முட்டையின் வலிமை

மழைக்குட்டை சில வாரங்களில் வற்றிவிடும். அங்கே மீன் வாழ முடியாது. ட்ரையாப்ஸுக்கு அதுவே பாதுகாப்பு. ஆனால் வற்றுவதற்குள் பிறந்து, வளர்ந்து, முட்டையிட்டு முடித்துவிட வேண்டும். இந்த அவசரம்தான் அதன் வாழ்க்கையின் ஒவ்வொரு கட்டத்தையும் தீர்மானிக்கிறது.

முட்டைக்குள் கரு ஓரளவு வளர்ந்தபின் வளர்ச்சியை நிறுத்திவிட்டு உறங்குகிறது. தடித்த உறைக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கிறது. சூடான் நாட்டில் சேகரித்த முட்டைகளைச் சோதித்த ஆய்வொன்று 1968இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. கொதிநிலையை ஒட்டிய வெப்பத்தைக்கூட அந்த முட்டைகள் தாங்கின. தண்ணீர் கொதிக்கும் வெப்பத்தில்தான் அவை இறந்தன.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஒரு மழைக்கு எல்லா முட்டைகளும் பொரிப்பதில்லை. ஒரு பகுதி மட்டும் பொரிக்கிறது. மற்றவை அடுத்த மழைக்கும் அதற்கடுத்த மழைக்கும் காத்திருக்கின்றன. முதல் மழை பொய்த்து, குட்டை சீக்கிரமே வற்றிப்போனாலும் வம்சம் அழியாது. விதை நெல்லை மொத்தமாக ஒரே பருவத்தில் விதைத்துவிடாத உழவரின் முன்யோசனை இது. பொட்டலத்தில் இருபது முட்டை இருந்து நான்கு மட்டும் பொரித்தால் அது இயல்புதான்.

பொரிக்க வைப்பது எப்படி?

முதல் தேவை தூய நீர். காய்ச்சி வடித்த நீரோ, உப்புகள் நீக்கப்பட்ட நீரோ வேண்டும். போர்வெல் தண்ணீர் கூடாது. புதிதாகப் பெய்த மழைநீரில் உப்பு ஏறக்குறைய இல்லை. வற்றிக்கொண்டிருக்கும் குட்டையில் உப்பு செறிந்துவிடும். எனவே உப்புக் குறைவான நீர்தான் முட்டைக்கு 'இப்போது பொரிக்கலாம்' என்ற செய்தி. வீட்டு ஆர்.ஓ. தண்ணீரைப் பயன்படுத்துவதானால் டி.டி.எஸ். அளவு மிகவும் குறைவாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சுவைக்காகத் தாது உப்பு சேர்த்த நீர் இதற்கு ஏற்றதல்ல.

இரண்டாவது வெளிச்சம். மண்ணின் ஆழத்தில் புதைந்த முட்டை பொரித்தால் குஞ்சு மேலே வர முடியாது. ஆகவே வெளிச்சம் பட்டால்தான் முட்டை விழிக்கிறது. முதல் இரண்டு நாள்கள் டேபிள் லாம்ப் ஒன்றைத் தொட்டியின் மேல் தொடர்ந்து எரியவிடலாம். நேரடி வெயில் வேண்டாம். சிறிய தொட்டி வெயிலில் விரைவில் சூடேறிவிடும்.

மூன்றாவது வெப்பம். 22 முதல் 26 டிகிரி செல்சியஸ் பொருத்தமானது. தமிழ்நாட்டில் பெரும்பாலான இடங்களில் ஹீட்டர் தேவைப்படாது. சித்திரை, வைகாசி மாதங்களில் தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடாவதுதான் இங்கே தொல்லை. ஐப்பசிக்குப் பிறகு தொடங்குவது எளிது.

ஒரு லிட்டர் அல்லது இரண்டு லிட்டர் கொள்ளும் ஆழமில்லாத டப்பா போதும். சோப்பு போடாமல் கழுவுங்கள். முட்டைகளைத் தூவி, கிட்டில் தாவரத் தூள் பொட்டலம் இருந்தால் அதையும் போடுங்கள். அதிலிருந்து பெருகும் நுண்ணுயிர்கள்தான் குஞ்சுகளின் முதல் உணவு. ஒன்று முதல் மூன்று நாள்களில், வெட்டி வெட்டி நீந்தும் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். பூதக்கண்ணாடி இருந்தால் குழந்தைகளுக்குப் பெரும் மகிழ்ச்சி.

முதல் வாரம்தான் கண்டம்

பொரித்த குஞ்சு முதலில் தன் உடலில் உள்ள மஞ்சள் கருவைக் கொண்டே வாழ்கிறது. அடுத்த நாள்களில் ஸ்பைருலினா தூளோ, மாவாக நுணுக்கிய மீன் தீவனமோ ஊசிமுனையளவு போதும். ட்ரையாப்ஸ் வளர்ப்பில் அதிகம் உயிரிழப்பது பட்டினியால் அல்ல, மிஞ்சிய தீவனத்தால். அது அழுகி அம்மோனியா சேர்கிறது, பாக்டீரியா பெருகித் தண்ணீர் பால்போல் கலங்குகிறது, ஆக்சிஜன் குறைகிறது. போட்ட தீவனம் மிச்சமிருந்தால், அதை எடுத்துவிட்டு அடுத்த வேளையைத் தள்ளிப்போடுங்கள்.

குஞ்சுகள் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் அளவு வளர்ந்ததும் பெரிய தொட்டிக்கு மாற்றலாம். தொட்டியின் அடியில் நன்றாகக் கழுவிய நைஸ் மணலை ஓர் அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். மணலைக் கிளறி இரை தேடுவதும் அதற்குள் முட்டையிடுவதும் இதன் இயல்பு. ஓர் உயிரிக்கு இரண்டு, மூன்று லிட்டர் தண்ணீராவது இருக்கட்டும். புதுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பழக்குங்கள். ஒரேயடியாக மாற்றினால் தாங்காது.

இந்தக் கட்டத்திலிருந்து குளோரின் நீக்கிய சாதாரணத் தண்ணீர் போதும். ஓடு வளர்வதற்குத் தாது உப்புகள் வேண்டும் என்பதால் அதுவே நல்லதும்கூட. சில நாள்களுக்கு ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். காற்றுக்கு ஏர் பம்ப்போடு ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஏற்றது. வேகமாக இழுக்கும் ஃபில்டரில் குஞ்சுகள் மாட்டிக்கொள்ளும். செம்பு கலந்த மீன் மருந்து எதுவும் தொட்டியில் படக்கூடாது. இந்த இனத்துக்குச் செம்பு நஞ்சு.

தண்ணீரின் மேற்பரப்பில் மல்லாந்து நீந்துவதைப் பார்த்தால் கவனியுங்கள். அங்கே மிதக்கும் உணவைத் தேடவும் அப்படிச் செய்யும். ஆக்சிஜன் போதாதபோதும் செய்யும். எல்லாமே ஒரே நேரத்தில் மேலே வந்தால் உடனே தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றுங்கள்.

தோலுரித்தலும் ஒன்றையொன்று தின்பதும்

வளரும் பருவத்தில் ஏறக்குறைய நாள்தோறும் தோலுரிக்கும். அடியில் கிடக்கும் வெறும் கூட்டைப் பார்த்து, செத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். தோலுரித்த நேரத்தில் உடல் மென்மையாக இருக்கும். பசித்த கூட்டாளிகள் அப்போதுதான் கடிக்கின்றன. இதை முழுவதுமாகத் தடுக்க முடியாது. அளவாகவும் வேளை தவறாமலும் தீவனம், போதிய இடம், ஒரே வயதுள்ளவற்றை மட்டும் சேர்த்து வளர்ப்பது ஆகியவற்றால் குறைக்கலாம். மீன்களோடு சேர்த்து வளர்க்கவே கூடாது.

பெரிதான பிறகு இறால் தீவனம், கேரட் துண்டு, வேகவைத்த பட்டாணி என எதையும் தின்னும். ஏறத்தாழ இரண்டு வாரங்களில் முட்டையிடத் தொடங்கும். பல இனங்களில், சில வட்டாரங்களில், துணையில்லாமலேயே ஒற்றை உயிரி பலன் தரும் முட்டைகளை இடுகிறது. ஒரே ஒரு முட்டை பிழைத்துக்கொண்டாலும் குட்டை மீண்டும் நிறைய அது போதும்.

மொத்த ஆயுள் இரண்டு, மூன்று மாதம்தான். குழந்தைகளோடு வளர்ப்பவர்கள் இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசி உயிரியும் போன பிறகு தண்ணீரை வடித்து, மணலை நிழலில் முழுவதுமாகக் காயவிடுங்கள். சில வாரங்கள் கழித்துத் தூய நீர் ஊற்றினால் அடுத்த தலைமுறை வரலாம். வராவிட்டால் மறுபடி காயவைத்து மறுபடி நனையுங்கள். உறங்கும் முட்டைகள் இன்னும் இருக்கும்.

வயலில் நண்பனா, பகைவனா?

ஜப்பானில் நாற்று நட்ட வயல்களில் ட்ரையாப்ஸ் சேற்றைக் கிளறி, முளைவிடும் களைகளைப் பிடுங்கிவிடுவதால் அதைக் களை ஒழிப்பாளராகவே பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் நிலைமை தலைகீழ். அங்கே தண்ணீர் நிறைந்த வயலில் நேரடியாக விதைக்கிறார்கள். அதே கிளறலில் இளம் நெல் முளைகளே பெயர்ந்துவிடுவதால் அங்கு அது நெல்லுக்குத் தீங்கு செய்யும் உயிரிகளில் ஒன்று. ஒரே உயிரி, ஒரே செயல். பயிர் செய்யும் முறைதான் விளைவை மாற்றுகிறது.

பிரிட்டனில் கதை வேறு. அங்கே கான்கிரிஃபார்மிஸ் இனம் நியூ ஃபாரஸ்ட், ஸ்காட்லாந்தின் கேர்லாவராக் ஆகிய இடங்களில் மட்டுமே எஞ்சியிருக்கிறது; சட்டம் அதைப் பாதுகாக்கிறது. இந்தியாவிலும் மழைக்குட்டைகளில் ட்ரையாப்ஸ் இனங்கள் பதிவாகியுள்ளன. வெறும் பள்ளம் என்று நாம் மண் போட்டு மூடும் குட்டைகள் இவற்றுக்கு வீடு.

ஆகவே வளர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளிநாட்டு முட்டைகளை வாங்கும் முன் அவற்றைத் தருவிக்க அனுமதி உண்டா என்று விசாரியுங்கள். தொட்டி மணலையோ தண்ணீரையோ குளத்திலும் வயலிலும் சாக்கடையிலும் கொட்டாதீர்கள். பல ஆண்டுகள் உறங்கும் முட்டைகளை மண்ணிலிருந்து திரும்பப் பொறுக்கி எடுக்க யாராலும் முடியாது. வளர்ப்பை நிறுத்தும்போது மணலையும் தண்ணீரையும் சேர்த்து நன்றாகக் கொதிக்கவைத்த பிறகே வெளியே போடுங்கள்.