நான்கு சக்கர இயக்க வண்டிக்கு ஏற்ற கியர் எண்ணெய்

காட்டிலும் மலையிலும் ஆற்றுமணலிலும் பணிபுரிவோர்க்கு நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டி இன்றியமையாதது. எஞ்சின் எண்ணெயைத் தவறாது மாற்றுவோரும் பல்சக்கரங்களுக்குரிய எண்ணெயைப் பற்றி அத்துணை எண்ணுவதில்லை. மாற்ற நேரும்போது, உயர்ந்த எண்ணுடைய டப்பாவை வாங்கி எல்லாக் கூடுகளிலும் ஊற்றிவிடுவோர் உண்டு. நல்லெண்ணத்துடன் செய்யப்படும் இக்காரியமே கியர்ப் பெட்டியைக் கெடுத்துவிடக்கூடும்.

இத்தகைய வண்டியில் கியர்ப் பெட்டி, டிரான்ஸ்பர் கேஸ், முன் அச்சின் டிபரென்ஷியல், பின் அச்சின் டிபரென்ஷியல் எனப் பொதுவாக நான்கு கூடுகள் உள. டிபரென்ஷியலில் சிறிய பினியனின் அச்சு, பெரிய கிரௌன் சக்கரத்தின் மையத்திற்கு நேராக அமையாமல் விலகி நிற்பது பெருவழக்கு. ‘ஹைபாயிடு’ எனப்படும் இவ்வமைப்பில் பற்கள் உருளுவதோடு, பெரும் அழுத்தத்தில் ஒன்றன்மீதொன்று வழுக்கியும் செல்கின்றன. வெறும் எண்ணெய்ப் படலம் அங்கே பிதுங்கி வெளியேறிவிடும். ஆதலின் கந்தகமும் பாஸ்பரசும் அடங்கிய பொருள்கள் எண்ணெயில் சேர்க்கப்படுகின்றன. உராய்வால் சூடேறும் இடங்களில் இவை எஃகுடன் வினைபுரிந்து மெல்லிய படலத்தை உண்டாக்க, பற்களுக்குப் பதிலாக அப்படலமே தேய்கின்றது. கியர் எண்ணெயின் நாற்றமும் பெரும்பாலும் இக்கந்தகத்தினின்று எழுவதே.

அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் வகைப்பாட்டில் ஹைபாயிடு சக்கரங்களுக்குரியது ஜி.எல்.-5. மிதமான பளுவுள்ள கியர்ப் பெட்டிகளுக்குரியது ஜி.எல்.-4, இதில் மேற்கூறிய சேர்க்கை ஏறத்தாழப் பாதியளவே. கியர்ப் பெட்டியில் பித்தளையாலான சிங்க்ரோனைசர் வளையங்கள் இருத்தல் கூடும். இவை உராய்ந்தே சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்துகின்றன. கந்தகம் மிகுந்த எண்ணெய் சூட்டில் பித்தளையை அரிக்கலாம்; வழுக்கல் மிகுந்தாலோ வளையம் பிடிக்காமல் கியர் கரகரவென ஒலிக்கும். ஆகவே 5 என்பது 4-ஐவிட மேலான தரமன்று, வேறு பணிக்குரியது. மாறாக, ஹைபாயிடு அச்சில் ஜி.எல்.-4 ஊற்றினால் பற்கள் விரைவில் தேயும். இரண்டிற்கும் ஒத்தவை என விற்கப்படும் எண்ணெய்களும் உள. எனினும் வண்டியின் கையேடு கூறுவதே முடிவானது. டிரான்ஸ்பர் கேஸுக்குச் சில தயாரிப்பாளர்கள் தானியங்கி கியர்ப் பெட்டியின் திரவத்தையே விதிக்கின்றனர். அங்கே ஊகத்திற்கு இடமில்லை.

அடுத்து பாகுத்தன்மை. எஸ்.ஏ.இ. 90 என்னும் கியர் எண்ணெய், 40 அல்லது 50 எண்ணுள்ள எஞ்சின் எண்ணெயளவே தடிப்புள்ளது என்பதைப் பலர் அறியார். இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். 85டபிள்யூ வகைக்குக் குளிர் வரம்பு -12 பாகை செல்சியஸ்; 80டபிள்யூவுக்கு -26; 75டபிள்யூவுக்கு -40. சமவெளியில் பளு இழுக்கும் அச்சுக்குக் கையேடு அனுமதிக்கும் 85டபிள்யூ-140, லடாக்கின் பனிக்கால விடியலில் கெட்டியாகி நிற்கும். அங்கே 75டபிள்யூ-90 தகும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் காட்டலாம். நன்கு தேய்த்துத் துலக்கிய செப்புத் தகடுகளை இருவகை எண்ணெயும் உள்ள சோதனைக் குழாய்களில் இட்டு, கொதிநீரில் மூன்று மணி நேரம் வைத்து, நிறமாற்றத்தை ஒப்பிடுக. எண்ணெயை நேரே தீயில் காய்ச்சலாகாது. அரிப்பைத் தடுக்கும் பொருள் சேர்ந்த எண்ணெயில் வேறுபாடு சிறிதாகவே தோன்றும். வளையத்தின் வழுக்கலை இச்சோதனை காட்டாது.

மாற்றுகையில் முதலில் நிரப்பும் திருகைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அது துருவேறி அசையாதிருக்க, கீழ்த்திருகைத் திறந்து எண்ணெயை வடித்துவிட்டால் வண்டி அங்கேயே நிற்கும். வண்டி ஓடி வெதுவெதுப்பாக இருக்கையில் வடிப்பது நலம். திருகின் காந்தத்தில் ஒட்டும் நுண்ணிய சாம்பல்நிறச் சேறு இயல்பானது; உலோகச் சில்லுகள் கிடைத்தால் கூட்டைப் பிரித்துப் பார்ப்பதன்றி வேறு வழியில்லை. எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பின், ஓடையைக் கடக்கையில் நீர் புகுந்ததென அறிக. கையேடு கூறும் தவணைக்குக் காத்திராமல் அன்றே மாற்றிவிட்டு, அச்சின் மூச்சுக்குழாய் அடைபட்டுள்ளதா எனவும் நோக்குக.