டிஸ்க் தேய்மானம்: 27 வயசுப் பையனின் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்

எங்க டீமில் இருக்கும் 27 வயசுப் பையன் ஒருத்தன் போன மாதம் தன் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பினான். எல்4-எல்5, எல்5-எஸ்1 இரண்டிலும் டிஸ்க் டீஜெனரேஷன், லேசான பல்ஜ். கூடவே ஒரு கேள்வி: "அண்ணா, இனிமே நான் ஓடவே கூடாதா?" ஜிம்முக்குப் போவதை நிறுத்திட்டான். இடுப்பில் பெல்ட். "ஜவ்வு விலகிடுச்சாம்" என்று வீட்டில் பொண்ணு பார்ப்பதைக்கூடத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் 31 வயதில் எனக்கும் இதே வரிகள் வந்தன. அப்போது பிடித்த வாசிப்பு இன்னும் விடவில்லை.

டிஸ்க்கின் நடுவில் நீர் நிறைந்த ஜெல். சுற்றிலும் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக நார் வளையம். உள்ளே ரத்தக் குழாய் கிடையாது. மேலும் கீழும் உள்ள மெல்லிய தட்டு வழியாகத்தான் சத்து கசிந்து வரணும். குழந்தைப் பருவத்தில் அந்தத் தட்டுகளில் இருக்கும் ரத்தக் குழாய்கள் பதின்வயதுக்குள் மறைந்துவிடுகின்றன. ஆகவே தேய்மானம் கிழட்டு வியாதி இல்லை, இருபதுகளிலேயே தொடங்கலாம். நீர் குறைந்த டிஸ்க் ஸ்கேனில் கறுப்பாகத் தெரியும். அதைத்தான் டீஜெனரேஷன் என்று எழுதுகிறார்கள்.

2015-ல் பிரிஞ்ஜிக்ஜி குழுவினர் 33 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். மொத்தம் 3,110 பேர், யாருக்கும் முதுகுவலி இல்லை. அப்படியும் 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், 30 சதவீதம் பேருக்கு பல்ஜ். 80 வயதில் தேய்மானம் 96 சதவீதம்! நம்ம பாஷையில் சொன்னால், லாக் ஃபைலில் வார்னிங் இருக்கு என்பதற்காக புரோகிராம் அதனால்தான் விழுந்தது என்று சொல்லிவிட முடியாது.

இதோடு நிறுத்தி, "ஸ்கேனைக் கண்டுக்காதே" என்று கொஞ்ச காலம் எல்லாருக்கும் உபதேசம் பண்ணினேன். அது தப்பு. அதே குழுவின் இன்னொரு கட்டுரை, அதே வருஷம், 50 வயதுக்கு உட்பட்டவர்களை மட்டும் பார்த்தது. வலி இல்லாதவர்களில் சுமார் 34 சதவீதம் பேருக்குத் தேய்மானம். வலி உள்ளவர்களில் 57. ஆக, இளவயதில் இதற்கும் வலிக்கும் தொடர்பு இருக்கு. ஆனால் வலி உள்ள 100 பேரில் 43 பேருக்குத் தேய்மானமே இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்க. ஒருத்தரின் ரிப்போர்ட்டை வைத்து அவர் வலியைக் கணிக்க இது போதாது.

சரி, நாற்காலிதான் வில்லனா? ஃபின்லாந்தில் 115 ஜோடி ஒத்த இரட்டையர்களை (எல்லாரும் ஆண்கள்) ஆராய்ந்த பாட்டியேயின் 1995 ஆய்வில், இடுப்பின் கடைசி டிஸ்க்குகளின் தேய்மான வேறுபாட்டில் உடல் சுமை விளக்கியது 2 சதவீதம். வயதைச் சேர்த்தால் 9. குடும்ப ஒற்றுமையையும் சேர்த்தால் 43. மிச்சம் யாராலும் விளக்க முடியாதது. உட்காருவது பற்றி ஒரு வேடிக்கை: 1999-ல் வில்கே ஒருத்தரின் டிஸ்க்குக்குள் சென்சார் வைத்து அளந்தார். நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல், சாயாமல் உட்காரும்போது 0.46. ஒரே ஆள்தான், அதை வைத்துக் கோட்டை கட்ட வேண்டாம். ஆனால் விலையுயர்ந்த நாற்காலி விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

பயப்பட வேண்டியது வேறு: சிறுநீர், மலம் கட்டுப்பாடு போவது, தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, கால் பலம் குறைந்துகொண்டே போவது. இதில் ஏதாவது வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. காய்ச்சலோடு முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைவது என்றாலும் தள்ளிப்போடக் கூடாது.

பையனுக்கு இது எதுவும் இல்லை. டாக்டரும் பரிசோதித்துவிட்டு, படுத்தே கிடக்காதே, நட, மெதுவாக ஓட ஆரம்பி என்றுதான் சொல்லியிருக்கிறார். ரிப்போர்ட்டைப் பார்த்த பயத்தில் அது இவன் காதில் விழவில்லை. இப்போ தினமும் சாயங்காலம் நடக்கிறான். பெல்ட்டை மட்டும் இன்னும் கழட்டல.