36 எழுத்துக்கு 5 மணி நேரம்: ஒரு கற்பனை மொழியின் வரவு செலவு

1955இல் வெளியான 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' மூன்றாம் பாகத்தின் பின்னிணைப்பில் ஓர் எழுத்து அட்டவணை இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் டோல்கியன் உருவாக்கிய டெங்வார் எழுத்து அது. குறுக்கே 4 வரிசை, கீழாக 6 படி, ஆக 24. தனியே இன்னும் 12. மொத்தம் 36. இதைக் கற்க என்ன செலவாகும் என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்தேன்.

எழுத்து

முதல் 24ஐயும் நெட்டுருப் போட வேண்டாம். ஒவ்வொன்றும் ஒரு தண்டும் வளைவும் சேர்ந்தது. தண்டு 3 விதம்: கீழிறங்கும், மேலேறும், குட்டையாக நிற்கும். வளைவு ஒன்று அல்லது இரண்டு. திறந்தது அல்லது மூடியது. தண்டுக்கு வலம் அல்லது இடம். 3 × 2 × 2 × 2 = 24. மனத்தில் நிற்க வேண்டியவை இந்த 9 கூறுகள்தான்.

டோல்கியனின் க்வென்யா மொழியை இதில் எழுதிப் பாருங்கள். கீழிறங்கும் தண்டு, வலப்பக்கம் ஒரு திறந்த வளைவு: 'த்'. வளைவை இரண்டாக்கினால் 'ந்த்'. அந்த இரட்டை வளைவோடு தண்டைக் குட்டையாக்கினால் 'ந்'. அடுத்த வரிசையில் ப், ம்ப், ம். வல்லினத்தையும் அதன் இன எழுத்தையும் ஒன்றாம் வகுப்பிலேயே பழகிய நமக்கு இந்த அடுக்கு புதிதல்ல.

உயிர் ஒலிக்கு எழுத்தின் தலையில் குறி: மூன்று புள்ளி 'அ', ஒற்றைக் கோடு 'எ', ஒரு புள்ளி 'இ', இரு திசைச் சுழிகள் 'ஒ', 'உ'. நட்சத்திரத்துக்கு க்வென்யாவில் 'எலென்'. எகரத்தைத் தாங்க ஒரு சிறு கோடு, எகரக் குறியோடு 'ல்', பிறகு 'ன்': 3 வடிவம். தமிழிலும் எ, லெ, ன் என்று 3 எழுத்தே. க்வென்யாவில் 'அ' அடிக்கடி வருவதால் அதன் குறியை விட்டுவிடலாம்; விளக்கைக் குறிக்கும் 'கல்மா'வை வெறும் க், ல், ம் என எழுதினாலும் படிப்பவர் புரிந்துகொள்வார். புள்ளி இடாத ஓலைச்சுவடியை நம் முன்னோர் இடம் பார்த்து வாசித்ததும் இப்படித்தான்.

நாளுக்கு அரை மணி, 4 எழுத்து என்றால் 36க்கு 9 நாள். உயிர்க்குறிக்கு ஒரு நாள். மொத்தம் 10 நாள், 5 மணி நேரம்.

பொருள்

நாலு கோடு நோட்டு ஒன்று, ஜெல் பேனா ஒன்று: எனக்கு ஆனது 50 ரூபாய். ஆங்கிலக் கையெழுத்துக்கான அந்த நோட்டே இதற்கும் சரி. குட்டைத் தண்டு நடு இடைவெளியில், ஏறுவது மேலே, இறங்குவது கீழே.

கையால் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கணினியிலும் போனிலும் எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்தது. டெங்வாருக்கு இன்னும் இல்லை. 'ஸ்டார் ட்ரெக்' கதைகளில் வரும் கிளிங்கான் எழுத்துக்கு (26 எழுத்து, 10 எண் வடிவம்) 1997இல் கேட்டார்கள், 2001இல் மறுத்துவிட்டார்கள். தனி எழுத்துரு இல்லாத போனில் இவை வெறும் கட்டங்கள்.

சொல்

இங்கேதான் செலவு ஏறுகிறது. வேறு இரு கற்பனை மொழிகளைப் பாருங்கள். 'பாகுபலி' படத்துக்காக மதன் கார்க்கி 2015இல் தந்த கிளிக்கியில் 750 சொல், 40 இலக்கண விதி. 'அவதார்' படம் 2009இல் வந்தபோது பால் ஃபிராமரின் நாவி மொழியில் சுமார் 1000 சொல்; அதற்குச் சொந்த எழுத்தே இல்லை. அரை மணிக்கு 5 சொல் என்று வைத்தால் கிளிக்கிக்கு 150 நாள், 75 மணி. நாவிக்கு 200 நாள், 100 மணி. டெங்வாரின் 36 எழுத்துக்கு ஆன நேரத்தைப் போல் 15 மடங்கு, 20 மடங்கு. மறதிக்கும் திருப்புதலுக்கும் ஆகும் நேரம் தனி.

நிகரம்

க்வென்யா சொற்பட்டியலை டோல்கியன் தொடங்கியது 1915இல், 23 வயதில். 1973இல் இறக்கும்வரை திருத்திக்கொண்டே இருந்தார்: 58 ஆண்டு. அந்த உழைப்பின் வாசல் 5 மணி நேரத்திலும் 50 ரூபாயிலும் திறக்கிறது.

ஆகவே என் முடிவு: சொற்பட்டியலோடு தொடங்கிப் பாதியில் விடாதீர்கள். எழுத்தை முதலில் பிடியுங்கள். வீட்டில் கதைப்பித்துப் பிடித்த பிள்ளை இருந்தால் கூடவே உட்கார வையுங்கள். த், ந்த், ந் என்று மூன்றை எழுதி முடிப்பதற்குள், தமிழ் நெடுங்கணக்கு ஏன் அப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதும் அதற்குப் புரிந்துவிடும்.