காலியாக இருந்த ஒரு நாற்காலி

குழந்தைகளே! டில்லியில் நம் வாணியம்பாடிக்கும் ஒரு நாற்காலி இருக்கிறது. தெரியுமா உங்களுக்கு?

"டில்லி எங்கே, நாம் எங்கே?" என்று சிரிக்கிறீர்களா? தூரம்தான். இங்கிருந்து ரயிலில் சென்னைக்குப் போய், அங்கே தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் மேலும் சுமார் 2,180 கிலோமீட்டர் போக வேண்டும். இருந்தாலும் அங்கே நமக்கு ஓர் இடம் உண்டு. அந்த இடம் சில மாதங்கள் காலியாகவே கிடந்த கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

மூன்று வீட்டுக் கதவு

முதலில் ஒரு சின்னப் பாடம். தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் சொல்வோம்? நகராட்சியிடம். காவல் நிலையம், அரசு மருத்துவமனை எல்லாம் யார் பொறுப்பு? சென்னையில் இருக்கும் மாநில அரசின் பொறுப்பு. ரயில், ரூபாய் நோட்டு, ராணுவம், வெளிநாட்டு வாணிபம்? இவையெல்லாம் டில்லியில் உள்ள மத்திய அரசின் பொறுப்பு.

மத்திய அரசு தன் இஷ்டத்துக்குச் சட்டம் போட முடியாது. நாடாளுமன்றம் சம்மதிக்க வேண்டும். குடியரசுத் தலைவர், மாநிலங்களவை, மக்களவை மூன்றும் சேர்ந்ததே நாடாளுமன்றம். மக்களவையில் நாம் நேராக ஓட்டுப் போட்டு அனுப்பும் உறுப்பினர்கள் 543 பேர். தமிழ்நாட்டிலிருந்து 39 பேர். அதில் ஒருவர் வேலூர் தொகுதிக்காரர்.

வேலூர், அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்ததுதான் வேலூர் மக்களவைத் தொகுதி. 2019 நவம்பரில் நம் ஊர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஆனால் டில்லிக்கு உறுப்பினரை அனுப்பும்போது நாம் இன்றும் வேலூர் தொகுதிதான்.

அந்த ஏப்ரல் மாதம்

2019-ல் நான் பணியில் இருந்தேன். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடியில் உட்காருவது யார்? பெரும்பாலும் எங்களைப் போன்ற ஆசிரியர்கள்தான். ஏப்ரல் 18 வாக்குப்பதிவு. பயிற்சிக்குப் போய், இயந்திரத்தைத் தொட்டுப் பார்த்துத் தயாராக இருந்தேன்.

இரண்டு நாளுக்கு முன், ஏப்ரல் 16-ஆம் தேதி ஒரு செய்தி வந்தது. வேலூர் தொகுதியில் தேர்தல் ரத்து!

காரணம் என்ன? பணம்! வருமான வரித் துறையினர் நடத்திய சோதனையில் 11 கோடி ரூபாய்க்கும் மேல் ரொக்கம் சிக்கியிருந்தது. அது வாக்காளர்களுக்குக் கொடுப்பதற்காக வைத்திருந்த பணம் என்று தேர்தல் ஆணையம் கருதியது. இப்படி இருந்தால் தேர்தல் நியாயமாக நடக்காது என்று குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரை அனுப்பியது. மக்களவைத் தேர்தலுக்கான அறிவிக்கையை வெளியிடுபவர் அவர்தான். எனவே ரத்து செய்யும் உத்தரவும் அவரிடமிருந்துதான் வந்தது.

வேடிக்கை என்னவென்றால், அதே 18-ஆம் தேதி பக்கத்து ஊரான ஆம்பூரிலும், குடியாத்தத்திலும் சட்டமன்ற இடைத்தேர்தல் மட்டும் நடந்தது. அங்கே சென்னைக்கு ஆள் அனுப்ப ஓட்டுப் போட்டார்கள். டில்லிக்கு ஆள் அனுப்ப முடியவில்லை. நம் ஊரிலோ எந்த ஓட்டும் இல்லை.

மே 23-ல் நாடு முழுவதும் முடிவுகள் வந்தன. 542 தொகுதிகளுக்குத்தான் முடிவு. ஒன்று குறைந்தது. அது நம்முடையது!

வகுப்பறை நாடாளுமன்றம்

ஜூன் 17-ல் புதிய மக்களவை கூடியது. அந்த வாரம் நான் என் வகுப்பில் ஒரு விளையாட்டு வைத்தேன். தமிழ்நாட்டின் 39 தொகுதிகளின் பெயர்களையும் சீட்டில் எழுதிக் குலுக்கினேன். ஆளுக்கொரு சீட்டு. நான்தான் சபாநாயகர். மீதி இருந்த நாலைந்து பேர் அமைச்சர்கள்.

வேலூர் சீட்டு ஒரு மாணவிக்கு வந்தது. "நீ உள்ளே வராதேம்மா, வாசலிலேயே நில்லு" என்றேன். பாவம், ஒன்றும் புரியாமல் நின்றாள்.

கேள்வி நேரம் தொடங்கியது. தூத்துக்குடி எழுந்து துறைமுகம் பற்றிக் கேட்டது. நீலகிரி தேயிலை பற்றிக் கேட்டது. ராமநாதபுரம் மீனவர்களைப் பற்றிக் கேட்டது. அமைச்சர்கள் விழித்தாலும் ஏதோ பதில் சொன்னார்கள். வகுப்பே ஒரே சிரிப்பு!

வாசலில் நின்ற மாணவி கையைத் தூக்கினாள். "உங்களுக்கு இந்தச் சபையில் இடம் இல்லை" என்றேன். மறுபடி தூக்கினாள். மறுபடியும் அதையே சொன்னேன். கடைசியில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சார், எங்க அம்மா ஷூ கம்பெனிக்குப் போறாங்க. வெளிநாட்டு ஆர்டர் குறைஞ்சா வேலை இல்லைன்னு சொல்லிடுவாங்க. அதை யார் சார் கேட்பாங்க?"

வகுப்பில் சிரிப்பு நின்றுவிட்டது. நானும் வாயடைத்துப் போனேன். புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தாலும் இந்தக் கேள்வி வந்திருக்காது.

மற்ற ஊர் உறுப்பினர்கள் நமக்காகப் பேசக் கூடாதா? பேசலாம். மாநிலங்களவையிலும் தமிழ்நாட்டுக்கு 18 இடங்கள் உண்டு. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் பேசுவதும், நம் வீட்டுப் பிள்ளை பேசுவதும் ஒன்றாகுமா?

என்னென்ன நடந்தது?

அந்தக் கூட்டத்தொடர் ஆகஸ்ட் 6 வரை நடந்தது. ஜூலை 5-ல் நாட்டின் பட்ஜெட் வந்தது. நாம் கட்டும் வரிப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்ற கணக்கு அது. அதைப் பற்றிப் பேச நம் தொகுதிக்கு ஆள் இல்லை.

நமக்குத் தேர்தல் நடந்தது ஆகஸ்ட் 5, திங்கட்கிழமை. நாம் வரிசையில் நின்று விரலில் மை வைத்துக் கொண்ட அதே நாளில், ஜம்மு காஷ்மீரை இரண்டு யூனியன் பிரதேசங்களாகப் பிரிக்கும் மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. மறுநாள் மக்களவையிலும் நிறைவேறியது. அதை ஆதரிக்கவோ எதிர்க்கவோ மக்களவையில் நம் தொகுதியின் குரல் இல்லை. நம் ஓட்டுகளை எண்ணியதே 9-ஆம் தேதிதான். அடுத்த கூட்டத்தொடர் தொடங்கியது நவம்பர் 18-ல். அதுவரை அந்த நாற்காலி காலிதான்!

14 லட்சத்துக்கும் அதிகமான வாக்காளர்கள் உள்ள தொகுதி இது. வெற்றி வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? வெறும் 8,141 ஓட்டுகள். "என் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடும்?" என்று யாராவது கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

பாலாறும் டில்லியும்

டில்லியில் போடும் சட்டம் நம் தெரு வரைக்கும் வரும். 1974-ல் நாடாளுமன்றம் நீர் மாசு தடுப்புச் சட்டத்தை இயற்றியது. 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறும் கிணறுகளும் கெடுகின்றன என்று நம் பகுதி மக்கள் வழக்குத் தொடுத்தபோது, இந்தச் சட்டங்கள் கைகொடுத்தன. 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு கட்ட வேண்டும் என்றது. 2025 ஜனவரியிலும் பாலாற்றுக்காக இன்னொரு தீர்ப்பு வந்தது.

நம் வீடுகளில் சோறு போடுவது தோல் தொழில். நமக்குத் தண்ணீர் தருவது பாலாறு. இரண்டையும் காப்பாற்ற வேண்டும். அதை எடுத்துச் சொல்ல அந்த நாற்காலியில் ஆள் இருக்க வேண்டாமா?

இப்போது எங்கே?

அப்போது மக்களவை கூடியது 1927-ல் திறக்கப்பட்ட வட்டமான கட்டடத்தில். அதைச் சுற்றி 144 தூண்கள் உண்டு. 2023 மே 28-ல் முக்கோண வடிவப் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. நம் நாற்காலியும் இப்போது அங்கேதான். 2024 ஏப்ரல் 19-ல் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் ஒரே நாளில் ஓட்டுப் போட்டார்கள். இந்த முறை நம் நாற்காலி காலியாக இல்லை.

குழந்தைகளே, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். மக்களவை நடக்கும் நாளில் காலை 11 மணிக்குக் கேள்வி நேரம். விடுமுறை நாளாக இருந்தால் சன்சத் டிவியில் பாருங்கள். பிறகு, நம் ஊருக்காக நீங்கள் கேட்க விரும்பும் ஒரு கேள்வியை நோட்டில் எழுதி வையுங்கள்.

இன்னொன்று. தேர்தல் நேரத்தில் வீட்டு வாசலுக்குப் பணம் வந்தால், கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம் என்று பெரியவர்களிடம் சொல்லுங்கள். கேட்காவிட்டால், வாசலில் கையைத் தூக்கியபடி நின்ற அந்த மாணவியின் கதையைச் சொல்லுங்கள். சொல்வீர்கள்தானே?