புரதப் பொடியும் பயிற்சியாளரும்

உடற்பயிற்சிக் கூடத்தில் புதிதாகச் சேரும் இளைஞர், இரண்டாவது வாரத்திலோ மூன்றாவது வாரத்திலோ பயிற்சியாளரிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுகிறார்: "மாஸ்டர், எந்தப் பவுடர் வாங்கலாம்?" சில கூடங்களில் அவர் கேட்கும்வரை காத்திருப்பதுகூட இல்லை. வரவேற்பு மேசைக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடி அலமாரியில் பெரிய பெரிய டப்பாக்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. மாதக் கட்டணமாக ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோ செலுத்தி உள்ளே வந்தவர், அதைவிட இரண்டு மடங்கு விலையுள்ள டப்பாவைக் கையில் ஏந்தியபடி வெளியே போகிறார்.

அந்தப் பரிந்துரையைச் செய்வது பயிற்சியாளரின் வேலைதானா என்பதை நாம் இதுவரை கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

உணவைப் பற்றி ஆசான் பேசுவது நமக்குப் புதிதல்ல. கர்லாக்கட்டை சுழற்றி, தண்டாலும் பஸ்கியும் எடுத்த பழைய தேகப்பயிற்சிச் சாலைகளிலும் வாத்தியார் சொல்லும் உணவுமுறை ஒன்று இருந்தது. ஊறவைத்த கொண்டைக்கடலை, வேர்க்கடலை, முட்டை, பால் என்று அவர் சொன்னவை எல்லாம் வீட்டுச் சமையலறையில் இருந்தவை. அதிகமாகத் தின்றால் வயிறு மறுத்துவிடும். கெடுதல் அதோடு நின்றுவிடும். இன்று டப்பாவில் வருவது அப்படியல்ல. பாலாடைக்கட்டி செய்யும்போது பிரியும் தெளிநீரிலிருந்து எடுக்கப்படும் 'வே' புரதம் தொடங்கி, கிரியாட்டின், அமினோ அமிலங்கள், கொழுப்பைக் கரைப்பதாகச் சொல்லப்படும் மாத்திரைகள், பயிற்சிக்கு முன் அருந்தும் தூண்டுபானங்கள் வரை எல்லாமே செறிவூட்டப்பட்டவை. சட்டத்தின் பார்வையில் இவை உணவு. உடலுக்குள் சென்றபின் இவற்றில் சில ஏறக்குறைய மருந்தைப்போல நடந்துகொள்கின்றன. சிக்கல் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்வு இதை விளக்கும். 1998-ஆம் ஆண்டு அக்டோபரில், நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியில் உள்ள ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் 37 வயதுப் பெண் ஒருவர் பயிற்சியின்போது மயங்கி விழுந்தார். மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு அன்றே இறந்தார். உயர் இரத்த அழுத்தத்துக்காக மருந்து உட்கொண்டுவந்தவர் அவர். அவருடைய பயிற்சியாளர் எழுதிக்கொடுத்த பட்டியலில் எபெட்ரா என்ற தாவரச் சாறு கலந்த பொருளும் இருந்தது. எபெட்ரா இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தக்கூடியது. காபியில் உள்ள காஃபீனுடன் சேர்ந்தால் அந்த விளைவு இன்னும் கூடும். குடும்பத்தினர் தொடுத்த வழக்கு பல ஆண்டுகள் நீடித்து, 40 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட இழப்பீட்டுடன் சமரசத்தில் முடிந்தது. 2004-ஆம் ஆண்டு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எபெட்ரா கலந்த துணையுணவுகளைத் தடை செய்தது.

அந்தப் பயிற்சியாளர் தீய எண்ணத்துடன் அந்தப் பட்டியலை எழுதியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. தன்னிடம் வருபவர் விரைவாக இளைக்க வேண்டும் என்ற அக்கறையே அவரை எழுதவைத்திருக்கலாம். ஆனால், இரத்த அழுத்த நோயாளிக்கு எது ஆகாது என்பது அவர் படித்த படிப்பில் இல்லை.

நம் நாட்டில் இந்த ஆபத்து இன்னும் பெரிது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் இணைந்து சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்திய நாடளாவிய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோர் நீரிழிவு நோயாளிகள் என்றும், 13 கோடிக்கும் அதிகமானோர் அதற்கு முந்தைய நிலையில் இருக்கிறார்கள் என்றும், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் 31 கோடிக்கும் மேல் என்றும் அந்த ஆய்வு மதிப்பிட்டது. இவர்களில் பலருக்குத் தங்கள் நோயே தெரியாது. உடற்பயிற்சிக் கூடத்துக்கு முதல் நாள் வரும் நாற்பது வயதுக்காரர், பெரும்பாலும் வயிறு முன்தள்ளியதைக் கண்டு பதறி வருபவர். அவருடைய சிறுநீரகமும் இரத்த அழுத்தமும் எந்நிலையில் இருக்கின்றன என்று பயிற்சியாளருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஒரு கரண்டியில் 200 முதல் 300 மில்லிகிராம் காஃபீன் கொண்ட தூண்டுபானங்கள் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கின்றன. நலமான ஒருவருக்கே ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் உச்சவரம்பு. காலையில் இரண்டு டம்ளர் டிகிரி காபி குடித்துவிட்டு வருபவர் அந்தக் கரண்டியையும் கலக்கிக் குடித்தால், வரம்புக்கு வெகு அருகில் வந்துவிடுகிறார்.

இன்னும் சில பொருள்களைப் பார்க்கலாம். கிரியாட்டின் நன்கு ஆராயப்பட்ட ஒன்று; நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் வரை எடுத்துக்கொள்வது நலமானவர்களுக்குப் பாதுகாப்பானது என்பதற்குப் போதிய சான்றுகள் உள்ளன. ஆனால், அது இரத்தத்தில் கிரியாட்டினின் அளவைச் சற்று உயர்த்தும். சிறுநீரகத்தின் நலத்தை மருத்துவர் மதிப்பிடுவது அந்த அளவைக் கொண்டுதான். நோயாளி தான் கிரியாட்டின் உட்கொள்வதைச் சொல்லாவிட்டால், இல்லாத சிறுநீரகக் கோளாறுக்கு மருத்துவர் பரிசோதனைகளைத் தொடங்கிவிடக்கூடும். முடி வளரும் என்று விற்கப்படும் பயோட்டின் மாத்திரை இதற்கு நேர்மாறான வேலையைச் செய்யக்கூடியது. மாரடைப்பைக் கண்டறிய உதவும் ட்ரோபோனின் பரிசோதனையில், அது உண்மையைவிடக் குறைவான அளவைக் காட்டவைக்கலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. உடல் மெலியவைக்கும் மாத்திரைகளில் சேர்க்கப்படும் கார்சீனியா வேறொன்றுமல்ல, கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் மீன்குழம்பில் போடும் குடம்புளிதான். குழம்பில் கிடக்கும் இரண்டு சுளை யாரையும் எதுவும் செய்ததில்லை. அதன் செறிவூட்டிய சாற்றை மாதக்கணக்கில் விழுங்கியவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன.

பயிற்சியாளருக்கு இவையெல்லாம் தெரிந்திருந்தாலும், டப்பாவுக்குள் இருப்பது என்ன என்பதை அவரால் அறிய முடியாது. கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர்களும் பிறரும் இந்தியச் சந்தையில் விற்கப்படும் 36 வகைப் புரதப் பொடிகளை ஆய்வுக்கு உட்படுத்தி, அதன் முடிவுகளை 2024-இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 70 விழுக்காட்டுப் பொடிகளில், அட்டையில் சொல்லப்பட்ட புரத அளவும் உள்ளே இருந்த அளவும் பொருந்தவில்லை; சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. 14 விழுக்காட்டில் பூஞ்சை நச்சான அஃப்ளடாக்சின் காணப்பட்டது. சிலவற்றில் பூச்சிக்கொல்லியின் எச்சமும் இருந்தது.

புரத அளவில் எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பது தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. உணவில் உள்ள புரதத்தை அளக்க இன்றும் பரவலாகப் பயன்படும் முறையை 1883-இல் டென்மார்க் வேதியியலாளர் யோஹன் கெல்டால் உருவாக்கினார். அது புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. உணவில் உள்ள நைட்ரஜனை அளந்து, அதை ஓர் எண்ணால் பெருக்கிப் புரத அளவைச் சொல்கிறது. ஆகவே, நைட்ரஜன் உள்ள மலிவான பொருள் எதைக் கலந்தாலும் ஆய்வில் புரதம் கூடுதலாகத் தெரியும். கிளைசின், டாரின் போன்ற மலிவான அமினோ அமிலங்களைக் கலந்து விற்பது அத்தகைய தந்திரம்தான். 2008-இல் சீனாவில் குழந்தைகளுக்கான பால்மாவில் மெலமைனைக் கலந்தவர்களும் இதே ஓட்டையைத்தான் பயன்படுத்தினார்கள். ஏறக்குறைய மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். ஆறு குழந்தைகள் இறந்தார்கள். ஆய்வகத்தையே ஏமாற்றக்கூடிய ஒன்றை, பயிற்சியாளர் நிறத்தையும் மணத்தையும் பார்த்துச் சான்றளிக்க முடியுமா?

சரி, இந்தப் பொடி தேவைதானா? ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரைப்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம். எடை தூக்கிப் பயிற்சி செய்வோருக்குக் கூடுதலாகத் தேவைப்படும் என்பதை விளையாட்டு ஊட்டச்சத்து அறிஞர்கள் ஏற்கிறார்கள்; கிலோவுக்கு 1.4 கிராம் முதல் 2 கிராம் வரை என்பது அவர்கள் கணக்கு. அதாவது 84 முதல் 120 கிராம் வரை. மூன்று முட்டையில் 18 கிராம், அரை லிட்டர் பாலில் 16 கிராம், 50 கிராம் மீல்மேக்கரில் 26 கிராம், ஒரு பிடி வேர்க்கடலையில் 7 கிராம் என்று கூட்டினால் 67 கிராம் வந்துவிடுகிறது. இட்லி, சோறு, சாம்பார், சுண்டல் ஆகியவற்றில் இருப்பது இதில் சேரவில்லை. கோழியோ மீனோ உண்பவருக்குக் கணக்கு இன்னும் எளிது.

அதே நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டு நெறிகள், உடல் வளர்ப்பதற்காகப் புரதப் பொடிகளை உட்கொள்வதைத் தவிர்க்குமாறு அறிவுறுத்துகின்றன. எலும்புத் தேய்மானம், சிறுநீரகப் பாதிப்பு ஆகிய அபாயங்களையும் குறிப்பிடுகின்றன. என் பார்வையில் இந்த எச்சரிக்கை நலமான இளைஞர்களைப் பொறுத்தவரை சற்று மிகையானது. சிறுநீரகம் நன்றாக இயங்குபவர்களுக்கு அளவான கூடுதல் புரதம் தீங்கு செய்வதாக உறுதியான சான்று இல்லை. ஆனால், சிறுநீரகம் நன்றாக இயங்குகிறது என்பதை யார் சோதித்தார்கள் என்ற கேள்வி வந்தவுடன், அந்த எச்சரிக்கை நியாயமானதாகிவிடுகிறது.

பயிற்சியாளர்கள் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. "நாங்கள் சொல்லாவிட்டால் பையன் இணையக் காணொலியைப் பார்த்து இதைவிட மோசமானதை வாங்குவான்" என்கிறார்கள். இது உண்மைதான். மருத்துவரிடம் கேட்டால் பலர் "அதெல்லாம் வேண்டாம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். உணவியல் வல்லுநர்கள் பெருநகர மருத்துவமனைகளுக்கு வெளியே அரிதாகவே கிடைக்கிறார்கள். அன்றாடம் ஒரு மணி நேரம் அருகில் நின்று, எத்தனை முறை தூக்கினாய் என்று எண்ணுபவர் பயிற்சியாளர் மட்டுமே. அவரை வாய்மூடச் சொல்வது நடக்கக்கூடிய காரியமல்ல, நல்லதும் அல்ல.

ஆகவே, கோட்டை வேறோர் இடத்தில் போட வேண்டும். பயிற்சியாளர்களுக்குச் சான்றளிக்கும் 'அமெரிக்கன் கவுன்சில் ஆன் எக்சர்சைஸ்' என்ற அமைப்பின் நிலைப்பாடு தெளிவானது. உணவைப் பற்றிய பொதுவான, ஏற்கப்பட்ட தகவல்களைப் பயிற்சியாளர் பகிர்ந்துகொள்ளலாம். துணையுணவுகளைப் பரிந்துரைப்பதும் எழுதிக்கொடுப்பதும் விற்பதும் அவருடைய பணி எல்லைக்கு வெளியே உள்ளவை. இந்தக் கோடு நமக்கும் பொருந்தும். கிரியாட்டின் என்றால் என்ன, அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்பவருக்கு விளக்குவது அறிவைப் பகிர்வது. 'நீ இதை, இந்த அளவில், இத்தனை நாளைக்கு எடுத்துக்கொள்' என்பது சிகிச்சை. 2021-ஆம் ஆண்டின் தேசிய துணைமருத்துவ, நலப்பணித் தொழில்கள் ஆணையச் சட்டம் உணவியலாளர்களையும், விளையாட்டு ஊட்டச்சத்து வல்லுநர் உள்ளிட்ட ஊட்டச்சத்து வல்லுநர்களையும் தனித் தொழிலினராக அங்கீகரித்துள்ளது. உடற்பயிற்சியாளருக்கோ நாடளவில் கட்டாய உரிமம் என்று ஏதுமில்லை. சில வாரப் பயிற்சி வகுப்பு முடித்தவரும், பல ஆண்டுகள் உடற்கல்வி படித்தவரும் ஒரே 'மாஸ்டர்'தான்.

விற்பனைதான் இதில் வேர்ப்பிரச்சினை. பல பயிற்சியாளர்களின் மாதச் சம்பளம் குடும்பம் நடத்தப் போதுமானதாக இல்லை. விற்கும் டப்பா ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் கமிஷன் அந்தப் பள்ளத்தை நிரப்புகிறது. மருத்துவர் தாமே மருந்துக் கம்பெனியின் முகவராகவும் இருந்தால் நாம் பொறுப்போமா? ஆனால், நாள்தோறும் நம் முதுகைத் தட்டிக்கொடுக்கும் ஒருவர் அப்படி இருக்கும்போது அது கண்ணில் படுவதில்லை. பயிற்சியாளரைக் குறைசொல்லி நிறுத்திக்கொள்வதும் சரியல்ல. போதிய சம்பளம் தராமல் டப்பா விற்பனையின் மீது தொழிலை நடத்துபவர் கூடத்தின் உரிமையாளர். ஆலோசனை சொல்பவருக்கு விற்பனையில் பங்கு இருக்கக்கூடாது என்ற ஒரே விதியை மாநில அரசு கொண்டுவந்தாலே பாதிப் பரிந்துரைகள் நின்றுவிடும் என்பது என் கணிப்பு.

இந்தப் பழக்கம் பொடியோடு முடிவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மயக்க மருந்து கொடுக்கும்போது இறங்கிவிடும் இரத்த அழுத்தத்தை உயர்த்துவதற்கான மெபென்டெர்மின் ஊசி மருந்து, சோர்வின்றிப் பயிற்சி செய்யலாம் என்ற பெயரில் கூடங்களைச் சுற்றித் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது. தசையைப் பெருக்கும் ஸ்டீராய்டுகளின் கதையும் அதுவே. இவை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்துகள், விற்பது குற்றம். பொடியை யாரிடம் கேட்டு வாங்கிப் பழகினார்களோ, ஊசியையும் அவரிடமே கேட்கிறார்கள்.

துணையுணவுகளின் அட்டையில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வாசகமும், பரிந்துரைத்த அளவை மீறக்கூடாது என்ற எச்சரிக்கையும் இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணய ஆணையத்தின் 2016-ஆம் ஆண்டு விதி. ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும் இருக்க வேண்டும். வாங்குவோர் இவற்றையாவது பார்க்கலாம். உட்கொள்ளத் தொடங்கியபின் வேறு காரணத்துக்காக மருத்துவரிடம் போனாலும், டப்பாவின் பெயரைச் சொல்லிவிட வேண்டும்.

பயிற்சியாளர் கேட்க வேண்டியவையும் சில உண்டு. கூடத்தில் சேரும்போது நிரப்பும் படிவத்தில் உயரம், எடை, எத்தனை மாதத்தில் எத்தனை கிலோ குறைய வேண்டும் என்பதெல்லாம் இருக்கும். என்ன மருந்து உட்கொள்கிறீர்கள், இரத்த அழுத்தத்தைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்ற இரண்டு வரிகளை அதில் சேர்த்துவிட்டு, "எந்தப் பவுடர் வாங்கலாம், மாஸ்டர்?" என்று கேட்பவரிடம் அந்தப் படிவத்தையே கொடுத்து, "இதை டாக்டரிடம் காட்டிவிட்டு வாங்க தம்பி" என்று அனுப்பிவைக்கலாம்.