சிகரெட்டை விட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள்

வீட்டில் மனநோய்க்கு மருந்து சாப்பிடும் ஒருவர், பல ஆண்டுப் புகைப்பழக்கத்தை விட்டுவிட்டால் குடும்பமே மகிழும். ஆனால், சில நாள்களில் அவர் எந்நேரமும் தூங்கி வழியலாம். எழுந்து நின்றால் தலை சுற்றலாம். தலையணை நனையும் அளவுக்கு எச்சில் வடியலாம். நோய் முற்றிவிட்டதோ என வீட்டார் பயப்படுவார்கள். உண்மையில், அதே மாத்திரை இப்போது உடலில் கூடுதலாகத் தங்கியிருக்கக்கூடும்.

மனச்சிதைவு நோய்க்குத் தரப்படும் குளோசபின், ஓலன்சபின் மருந்துகளைச் சிதைப்பதில் கல்லீரலின் 'சிஒய்பி1ஏ2' என்ற நொதிக்கு முக்கியப் பங்குண்டு. புகையிலை எரியும்போது உண்டாகும் தார்ப் பொருள்கள் இந்த நொதியை முடுக்கிவிடுகின்றன. அதனால் புகைப்பவருக்கு மருந்து அதிக அளவில் தேவைப்படும். புகைப்பதை நிறுத்தினால், ஏறக்குறைய ஒரு வாரத்தில் நொதியின் வேகம் குறைந்துவிடும். மாத்திரையின் அளவு மாறாமலேயே, ரத்தத்தில் குளோசபின் சுமார் 50 விழுக்காடு கூடலாம். சிலருக்கு அதற்கும் மேல். மலச்சிக்கல் கடுமையாகலாம், வலிப்பும் வரலாம்.

இதற்குக் காரணம் புகைதான், நிக்கோடின் அல்ல. எனவே நிக்கோடின் ஒட்டுப்பட்டை, சூயிங்கம் ஆகியவற்றின் துணையோடு விட்டாலும் இதே கவனம் தேவை. கோப்பியில் உள்ள கஃபீனைச் சிதைப்பதும் இதே நொதிதான். வழக்கமாகக் குடிக்கும் கோப்பி ஓ கூட இனி படபடப்பைத் தரலாம்.

இதன் மறுபக்கமும் உண்டு. மருத்துவமனையில் புகைக்க முடியாது. அங்கே நிர்ணயித்த மருந்தளவோடு வீடு திரும்பியவர் மீண்டும் புகைத்தால், ரத்தத்தில் மருந்து குறைந்து நோய் தலைதூக்கலாம்.

அப்படியானால் சிகரெட்டை விடாமலே இருப்பதா? கூடாது. கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறார்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இதயநோய் போன்ற உடல்நோய்களே அதற்குப் பெரும் காரணம். அவற்றை வளர்ப்பதில் சிகரெட்டுக்குப் பெரும் பங்குண்டு.

ஆகவே, விடப்போகும் நாளை முன்கூட்டியே மனநல மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ சொல்லுங்கள். குளோசபின் எடுப்பவர்களுக்கு வழக்கமாகச் செய்யும் ரத்தப் பரிசோதனை வெள்ளையணுக்களைத்தான் எண்ணும்; மருந்தின் அளவைக் காட்டாது. அந்த அளவையும் பார்க்க முடியுமா எனக் கேளுங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். வலிப்பு, மயக்கம், கடும் மலச்சிக்கல் வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மருத்துவர் கேட்காவிட்டாலும், நாளுக்கு எத்தனை சிகரெட் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள்.